அறுபத்து மூன்று வயதில் ஓடிப்போவது

போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, லேமினேஷன் எல்லாம் உண்டு. பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, முதியோர் பென்சன், ஆதாரில் பெயர் திருத்தம் என்று நாள் முழுக்க ஏதாவது ஒரு மனு அடித்துக்கொண்டிருப்பேன். அவற்றில் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைப்பது 'காணவில்லை' மனு. வருகிறவர்கள் வாயால் ஒன்று சொல்வார்கள், காகிதத்தில் வேறொன்று கேட்பார்கள்.

வாயால் சொல்வது "ஓடிப்போயிட்டா." காகிதத்தில் கேட்பது "வீட்டை விட்டு வெளியே சென்றவர் இதுவரை திரும்பவில்லை." பதினாறு வருடத்தில் 'ஓடிப்போனார்' என்று ஒரு மனுவில்கூட நான் அடித்ததில்லை. ஒருமுறை ஒரு அப்பா அழுது முடித்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். அந்த வார்த்தை மட்டும் வந்துவிடக் கூடாது, பிள்ளை திரும்பி வந்தாலும் அந்த வார்த்தை வீட்டை விட்டுப் போகாது என்றார். அன்றிலிருந்து நானே பார்த்து அடிப்பேன்.

இந்த வினைச்சொல்லை இத்தனை வருடம் காதால் கேட்டதில் எனக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. முதலாவது, எங்கள் ஊரில் ஆண்கள் ஓடிப்போவதில்லை. ஒருவன் சித்திரையில் வீட்டை விட்டுப் போய்த் தை வரைக்கும் வரவில்லை என்றால் அவன் எஸ்டேட் வேலைக்கு 'மலைக்குப் போயிருக்கான்'. பெண்டாட்டி பிள்ளைகளை அம்போவென்று விட்டுவிட்டுப் போயிருந்தால் 'கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான்'. எங்கே இருக்கிறான் என்றே தெரியாவிட்டால் 'கேரளாப் பக்கம் இருக்கான்'. பெண்ணுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. காலையில் எஸ்டேட் ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போனவள் சாயங்கால ஜீப்பில் இறங்கவில்லை என்றால், விளக்கு வைப்பதற்குள் அவள் ஓடிப்போய்விட்டாள்.

இரண்டாவது, பெண் ஓடிப்போனாள் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். யாரோட? ஒரு பெண் சும்மா, தனியாக, போகப் பிடித்ததால் போனாள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குத் திருப்தி வராது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் யாரோடு ஓடியது என்று யாராவது கேட்கிறார்களா? மாட்டுக்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்லை என்று என் கடைக்கு வருகிற பெண்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மூன்றாவது, வயது. இருபதில் சொல்வார்கள், முப்பதில் சொல்வார்கள். நாற்பதில் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு சொல்வார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். வயதானவள் வீட்டில் இல்லை என்றால் 'வழி தவறிருச்சு', 'புத்தி தடுமாறிருச்சு', 'எங்கயோ கிளம்பிப் போயிருச்சு'. அவளாக யோசித்து, அவளாக முடிவு பண்ணி, அவளாக நடந்து போயிருப்பாள் என்பது யார் நினைப்பிலும் வராது. என் நினைப்பிலும் வந்ததில்லை, என் அம்மா போகிற வரைக்கும்.

அம்மாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் ராசிங்காபுரம். அண்ணன் அங்கேயே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். தம்பி தேனியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறான். நடுவில் நான், போடியில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவின் கருமாதி முடிந்த அன்று மாமன்மார் உட்கார்ந்து, தோப்பைப் பங்கு பிரித்த கையோடு அம்மாவுக்கும் முறை போட்டார்கள். இரண்டு மாதம் அண்ணன் வீடு, இரண்டு மாதம் தம்பி வீடு. மகளுக்கு முறை கிடையாது. ஆண்பிள்ளை இரண்டு பேர் இருக்கும்போது அம்மா மகள் வீட்டில் போய் இருப்பது எங்களில் வழக்கமில்லை. அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டில் மாமியார் இருந்தார்கள், இரண்டே அறை, கடை வேலை. உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. அதை இப்போது ஒளித்து என்ன ஆகப் போகிறது.

இந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. அண்ணன் சம்சாரி, விவசாயம் பார்க்கிறவர், அவருக்கு மாதம் என்றால் தமிழ் மாதம். வைகாசி, ஆனி இரண்டும் முடிந்தால் அவர் முறை முடிந்தது. தம்பி மாதச் சம்பளக்காரன், அவனுக்கு மாதம் ஒன்றாம் தேதிதான் பிறக்கும். ஆனி முடிவது ஜூலை நடுவில். தம்பியின் முறை தொடங்குவது ஆகஸ்ட் முதல் தேதி. இடையில் பதினைந்து நாள் அம்மா யாருடைய கணக்கிலும் இல்லை. வழக்கமாக அந்தப் பதினைந்து நாளும் அண்ணன் வீட்டிலேயே கழியும். தேதி ஆச்சு, தேதி ஆச்சு என்று மதினி, அண்ணன் பெண்டாட்டி, காதுபடச் சொல்லிக்கொண்டே இருப்பாள். தம்பியிடமிருந்து அம்மா திரும்பி வரும்போது இதே கணக்கைப் பார்த்தால் பதினைந்து நாள் தாமதமாகத்தான் வருவாள். அதைப் பற்றி அண்ணன் ஒரு நாளும் பேசியதில்லை. அனுப்பும்போது மட்டும் அவருக்குப் பஞ்சாங்கம் ஞாபகம் வந்துவிடும்.

அந்த வருடம் அண்ணன் மகளுக்குத் தலை ஆடி. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளை வந்து போவார், வீட்டில் ஒரு அறை வேண்டும். ஆடி ஒன்றாம் தேதி காலையில் அண்ணனே அம்மாவின் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து போடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். போடியில் இறங்கித் தேனி பஸ் ஏறினால் தம்பி வீடு. நான்கு வருடமாக அம்மா போய் வந்த வழிதான்.

அம்மா போடியில் இறங்கி என் கடைக்கு வந்தாள்.

ஒன்பது மணி இருக்கும். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், சர்வர் வேறு மெதுவாக இருந்தது. அம்மா பச்சைச் சேலை கட்டியிருந்தாள், அரக்குக் கரை. ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏ புள்ள, ஒண்ணாம் தேதி வரைக்கும் உன் வீட்டுல இருந்துக்கிறட்டா?"

நான் ஒரு வருமானச் சான்றிதழ் ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடியே, "அடுத்த மாசம் பாப்பம்மா" என்றேன். அம்மா சரி என்றாள். டீக் கிளாசைக் கழுவி ஓரமாக வைத்தாள். போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். வாசலில் பையைத் தோள் மாற்றியது கண்ணில் பட்டது, அதற்குள் சான்றிதழ் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் ஞாபகம் வந்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். மதினி எடுத்தாள். அத்தை போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போய்விட்டது, தேனிக்கு யாராவது போனால் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அம்மா போனை மறப்பது புதிது இல்லை. தம்பி வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்திருக்கலாம். தம்பி பெண்டாட்டிக்கும் எனக்கும் அவ்வளவாகப் பேச்சு இல்லை, அதனால் போடவில்லை. இப்படி ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்துக்காகப் பதினைந்து நாள் ஒரு போன் போடாமல் இருந்தோம்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தம்பிதான் அண்ணனுக்குப் போன் பண்ணினான். பெண்டாட்டியின் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், அம்மாவை இன்னும் ஒரு வாரம் கழித்து அனுப்ப முடியுமா என்று கேட்பதற்காக. அண்ணன், அம்மா அங்கே வந்து பதினைந்து நாள் ஆகிறதே, என்னடா விளையாடுகிறாயா என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் திட்டியிருக்கிறார்கள். பிறகுதான் அம்மா இரண்டு இடத்திலும் இல்லை என்பது அவர்களுக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். அண்ணனுக்கு முகமே இல்லை. தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கூட வந்த மதினி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அத்தை ஓடிப்போயிருச்சு." சொல்லிவிட்டு அவளே திகைத்து, "எங்கயோ போயிருச்சு" என்று மாற்றினாள். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா என் முன்னால் நின்று கேட்டது அப்படியே கண்ணுக்குள் வந்தது. நான் சொன்ன பதிலும் வந்தது. அதுவரைக்கும் அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை என்பதுதான் கொடுமை.

மனு அடிக்கச் சொன்னார்கள். என் கம்ப்யூட்டரில் 'காணவில்லை' என்று ஒரு மாதிரி இருக்கிறது. பெயர், வயது, உயரம், நிறம், அடையாளம் எல்லாவற்றையும் நிரப்பினால் போதும். கடைசியில் ஒரு வரி, இன்னார் அழைத்துச் சென்றிருக்கலாம் எனச் சந்தேகிக்கிறேன் என்று. அதை முதலில் அழித்தேன். வயது என்ற இடத்தில் அறுபத்து மூன்று என்று அடித்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அடுத்தது, காணாமல் போனபோது அணிந்திருந்த உடை.

என்ன சேலை என்று தம்பி கேட்டான். அண்ணன் யோசித்தார். பஸ் ஏற்றிவிட்டவர் அவர். முகத்தைத் தேய்த்தார், மதினியைப் பார்த்தார், மதினி அந்த நேரத்தில் அடுப்படியில் இருந்தேன் என்றாள். அவருக்குத் தெரியவில்லை. நான் 'அரக்குக் கரை போட்ட பச்சை நிறச் சேலை' என்று அடித்தேன்.

"ஆமா, பச்சைதான். உனக்கெப்படித் தாயி தெரியும்?" என்றார் அண்ணன்.

அம்மாவிடம் வெளியே கட்டிப் போகிற மாதிரி நல்ல சேலை அது ஒன்றுதானே இருக்கிறது என்றேன். பொய். பொய் சொன்னதோடு நிற்காமல், அம்மாவுக்கு இரண்டு சேலை எடுத்துக் கொடுக்க ஒருவருக்கும் துப்பில்லை என்று அவர்கள் மேலேயே பாய்ந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் கோபம் எனக்கு அன்றைக்கு நல்ல மறைவாக இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் எஸ்டேட் ஜீப் நிற்கிற இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால், அம்மா என் கடையை விட்டு இறங்கிப் பையைத் தோள் மாற்றியபோது திரும்பிய பக்கம் தேனி பஸ் நிற்கிற பக்கம் இல்லை. அதை இவர்களிடம் எப்படிச் சொல்வேன்? அந்த நேரத்தில் ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் போய்விட்டிருந்தன. லோடு ஏற்றுகிற ஜீப் ஒன்றுதான் நின்றது. அதன் டிரைவர் என் கடையில் லைசென்சுக்கு விண்ணப்பம் போட்டவர். பச்சைச் சேலை, கட்டைப்பை, அறுபது வயதுக்கு மேல் என்று சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நம்ம வண்டிலதான்க்கா வந்துச்சு. ஏலக்காய் பொறுக்கத் தெரியும், எந்த எஸ்டேட்டுல ஆள் எடுக்குறாகன்னு கேட்டுச்சு. நாந்தான் கொண்டு போயி விட்டேன். அது உங்கம்மாவா?"

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பிறந்த வீட்டில் ஏலக்காய் பொறுக்கியவள்தான். அந்தக் கை இத்தனை வருடம் கழித்தும் மறக்காது என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. காய்ந்த காயில் வெடித்தது, சொத்தை, சிறுசு, பெருசு எல்லாம் தனித்தனியாகப் பிரிக்கிற வேலை. உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். முதல் எடுப்பு தொடங்குகிற ஆடியில் மலையில் எப்போதும் ஆள் பற்றாது.

மனு அடித்தது அடித்தபடி இருக்க, மறுநாள் காலையில் அதே ஜீப்பில் மூன்று பேரும் ஏறினோம். வழி நெடுக அண்ணனுக்கு ஒரே புலம்பல். சம்சாரி வீட்டுப் பொம்பளை, சொந்தத்தில் தோப்பு இருக்கிறவள், ஜீப்பில் ஏறிக் கூலிக்குப் போய்விட்டாள், ஊரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது என்று. உயிரோடு இருக்கிறாளே என்ற நிம்மதி அவருக்குப் போடி ஊர் எல்லை தாண்டும் வரைக்கும்தான் இருந்தது. தம்பி ஆபீசுக்குப் போகிற ஷூவோடு வந்திருந்தான். வளைவுகளில் அவனுக்குக் குமட்டியது. நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா இவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அம்மா வருவாளா மாட்டாளா என்றுகூட நான் யோசிக்கவில்லை.

போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டி அரை மணி நேரம். சாரல் விடாமல் அடித்தது. எஸ்டேட் ஸ்டோர் வாசலில் ஒரு மலையாளி சூப்பர்வைசர் குடையோடு வந்து யார் வேண்டும் என்றார். நாங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லி, அவருடைய பிள்ளைகள் என்றோம். அவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மச்சிக்கு ஆரும் இல்லன்னல்லோ சொன்னது" என்றார்.

வேலையில் சேரும்போது, ஏதாவது ஒன்று என்றால் யாருக்குச் சொல்வது என்று கேட்டு எழுதிக்கொள்வார்களாம். அம்மா யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அண்ணன் அந்த இடத்திலேயே, மழையில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அதுவரைக்கும் அவர் மேல் எனக்கிருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஸ்டோருக்குள்ளே ஏழெட்டுப் பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஏலக்காய் குவிந்து கிடந்தது. அம்மா சேலைக்கு மேல் ஒரு பழைய ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது.

"இம்புட்டு வெரசா வந்துட்டீக" என்றாள்.

பதினேழு நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்களுக்கு அது புரியவில்லை, எங்களுக்குப் புரிந்தது.

ஸ்டோருக்கு வெளியே தகரக் கூரைக்குக் கீழே நின்று பேசினோம். அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றார். தம்பி, ஒன்றாம் தேதி ஆகிவிட்டது, இது என் முறை, என் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்றான். அப்படியென்றால் ஆடி பிறந்ததிலிருந்து பதினைந்து நாள் யார் கணக்கு, நீ அப்போதே வந்து கூட்டிப்போயிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று அண்ணன் கேட்டார். அனுப்புகிறவர் ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டாமா என்று தம்பி கேட்டான். அழுத கண் காயவில்லை, அதற்குள் மறுபடியும் முறை. அம்மா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்காக வந்தாள் என்று யாராவது விளக்கம் கேட்டால் இதற்கு மேல் ஒரு விளக்கம் வேண்டாம்.

கடைசியில் அண்ணன், "ஓடிப்போற வயசாம்மா இது?" என்று கேட்டுவிட்டார்.

"வயசெல்லாம் பாத்தா முடியுமா? ஓடித்தான் வந்தேன். வழி தெரியாம வரல, புத்தி கெட்டும் வரல. யாரும் கேட்டா அப்படியே சொல்லு, ஆத்தா ஓடிப்போயிருச்சுன்னு."

அண்ணன் கூசிப்போய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா குரலில் வீறாப்பு ஒன்றும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

தம்பி அதை விடவில்லை. அவன் கணக்குப் பார்க்கிறவன், எல்லாம் நேராக வர வேண்டும் அவனுக்கு. எட்டரைக்கு ராசிங்காபுரத்தில் பஸ் ஏறியிருக்கிறாய், பதினோரு மணிக்குத்தான் ஜீப்பில் ஏறினாய் என்று டிரைவர் சொல்கிறார், நடுவில் எங்கே போனாய் என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"எங்கயும் போகல. ஜீப்பு வர்றவரைக்கும் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன்."

எனக்காகச் சொன்ன பொய் அது. என்னைக் காட்டிக்கொடுக்க அம்மாவுக்கு மனசில்லை. அந்தப் பொய்க்குள் நான் வசதியாக உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரையும் பிடித்துத் திட்டிவிட்டு, நல்ல மகளாகக் கீழே இறங்கியிருக்கலாம். நேற்றுவரை அப்படித்தானே இருந்தேன். ஆனால் யாரும் இல்லை என்று அம்மா எழுதச் சொன்ன காகிதம் உள்ளே இருந்தது. அந்த யாரும் இல்லாதவர்களில் நானும் ஒருத்தி.

"எங்கிட்டத்தான் வந்துச்சு. ஒண்ணாம் தேதி வரைக்கும் இருந்துக்கிறட்டான்னு கேட்டுச்சு. நாந்தான் அடுத்த மாசம் பாப்பம்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நீயுமா என்பது போல ஒரு பார்வை. அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. இதை இப்போது யார் கேட்டது, எதற்கு வாயைக் கொடுக்கிறாய் என்று என்னைக் கடிந்தாள். பிறகு, மழைக்கு எதையாவது சூடாகக் குடியுங்கள் என்று அண்ணனையும் தம்பியையும் எஸ்டேட் கேண்டீன் பக்கம் அனுப்பிவைத்தாள்.

அம்மா அன்றைக்கு எங்களோடு வரவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு அறை, கூட ஒரு கம்பத்துக்காரப் பெண். ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். அந்த வினைச்சொல்லை அம்மாவுக்குச் சொல்ல அவர்களுக்கு நாக்கு வளையவில்லை, அதனால் 'மலைக்குப் போயிருக்கு' என்று ஆண்களுக்குச் சொல்வது போலச் சொல்லிப் பழகிவிட்டார்கள். அண்ணன் மாதம் ஒருமுறை தேங்காயும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். தம்பி போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அம்மா நினைத்தால் இறங்குகிறாள், யார் வீட்டிலாவது இரண்டு நாள் இருக்கிறாள், நினைத்தால் ஏறிவிடுகிறாள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போன அந்தப் பத்து நிமிடத்தில் அம்மா என்னிடம் பேசியதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் அழுதுகொண்டிருந்தேன். என் வீட்டுக்கு வா, மாமியார் என்ன சொன்னாலும் பார்த்துக்கொள்கிறேன், நீ சாகும் வரைக்கும் என்னோடு இரு என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினாள்.

"அன்னைக்கு நீ இரும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன். அவனுக ரெண்டு வீட்டோட உன் வீடும் மூணாவது முறையா ஆயிருக்கும். சாகுற வரைக்கும் பையத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். நீ நிமிந்துகூடப் பாக்காம சொன்ன பாரு, அப்பத்தான் இனி யாருகிட்டயும் கேக்க வேணாம்னு மனசு விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்ல ஆத்தா. காலு தன்னால ஜீப்புக்குப் போயிருச்சு."

கோபமில்லையா என்று கேட்டேன். செக்போஸ்ட் வரைக்கும் இருந்தது, பிறகு குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்கு நன்றி சொல்வது போலத்தான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.